டி-யில் பத்திரமாக இருக்கிறது

வாடிக்கையாளரிடம் "கவலையே படாதீங்க, எல்லாம் பத்திரமா இருக்கு" என்று ஒரு தடவைகூடச் சொல்லாதவர்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற உங்களில் யாராவது இருந்தால், அவர்கள் இதைப் படிக்க வேண்டியதில்லை. போய் வேறு வேலையைப் பார்க்கலாம். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள். நானும் உங்கள் கட்சிதான். அந்த வாக்கியத்தை ஷார்ஜா முழுவதும் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

நான் படித்ததும் பாடம் சொல்லிக்கொடுத்ததும் தூத்துக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில். கல்யாணத்துக்குப் பிறகு ஷார்ஜா. கணவர் கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில் டெக்னீஷியன். ஒரு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. ஷார்ஜாவிலேயே முவைலா என்கிற பகுதியில் ஃபிளாட். கணவர் கடலில் இருக்கும் மாதங்களில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஒரு சிடி பையுமாகத் தெரிந்தவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆண்கள் டூட்டிக்குப் போயிருக்கிற நேரத்தில் வீட்டுக்குள் ஒரு ஆண் டெக்னீஷியனைக் கூப்பிடப் பெண்கள் தயங்குவார்கள். என்னைக் கூப்பிடத் தயக்கமில்லை. டீ போட்டுத் தருவார்கள், பிள்ளையின் மார்க்கைச் சொல்லிப் புலம்புவார்கள், போகும்போது மீன்குழம்பு கொடுத்துவிடுவார்கள். வீடுகளுக்குப் பிறகு சின்னக் கடைகள் வந்தன, ஒரு பல் கிளினிக் வந்தது, ஒரு கிறிஸ்தவச் சபை அலுவலகம் வந்தது, பேச்சு வராத குழந்தைகளுக்கான ஒரு சிறிய பள்ளியும் வந்தது. பெரிய கம்பெனி ஒன்றுகூட இல்லை.

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஒயர்களைக் கட்டுகிற பிளாஸ்டிக் டை என்னிடம் எப்போதும் தீர்ந்துபோயிருக்கும். கைப்பையில் மகளுடைய தலைமுடி ரப்பர் பேண்டுகள் எப்போதும் இருக்கும். அதை எடுத்துக் கட்டிவிடுவேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்தின் அந்த முதல் சில வருடங்களில் நாங்கள் எந்தக் கம்ப்யூட்டரை அமைத்தாலும் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரிப்போம். சி ஒன்று, டி ஒன்று. சி-யில் கம்ப்யூட்டரை ஓட்டுகிற சிஸ்டம். டி-யில் வாடிக்கையாளரின் போட்டோ, கணக்கு, பாட்டு. வைரஸ் வரும். வராத மாதம் இல்லை. வந்தால் சி-யைத் துடைத்துப் புதிதாக ஏற்றுவோம், டி-யைத் தொட மாட்டோம். இதை விளக்க நான் ஒரு உவமை வைத்திருந்தேன். "சி வாடகை வீடு. டி சொந்த வீடு. வாடகை வீட்டுக்கு என்ன ஆனாலும் சொந்த வீடு பத்திரமா இருக்கும்." கல்ஃபில் இருக்கிற நம்மவர்களுக்கு இது சொன்னவுடன் விளங்கிவிடும். விளங்கிவிட்டது என்று நானும் பூரித்துப்போவேன்.

வினை அந்த உவமையில்தான் இருந்தது. இங்கே நம்மவர்களுக்குச் சொந்த வீடு என்றால் அது கடல் தாண்டி இருப்பது. எட்டத்தில், பூட்டி, யார் கையும் படாமல். டி-யும் அப்படி வேறு எங்கோ இருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ரோலா பக்கம் தையற்கடை வைத்திருந்த ஒருவர் ஒருநாள் போனில் கூப்பிட்டார்.

"யக்கா, கடையை உடைச்சுக் கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போயிட்டானுவ."

"ஐயையோ."

"போனாப் போறான் விடுங்க, வேற வாங்கிக்கிடலாம். டி இருக்குல்ல? எப்ப வந்து போட்டுத் தாறீய?"

நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். கணவரிடம் சொன்னேன், பல் கிளினிக்கில் சொன்னேன், சபையில் சொன்னேன். சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய் அதே உவமையைச் சொன்னேன். அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இனி என் மகளைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஜெபா. அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பேச்சு கிடையாது. காது கேட்கும், சொன்னது புரியும், சிரிப்பாள், கோபம் வந்தால் கடிப்பாள். வாய்ச்சொல் மட்டும் வரவில்லை. நான் சொன்ன அந்தச் சிறிய பள்ளியில்தான் அவளும் படித்தாள். ஒரு வில்லாவின் கீழ்த்தளம், சில குழந்தைகள், எல்லாவற்றையும் நடத்துகிற வசந்தி டீச்சர். கோயம்புத்தூர்க்காரர். கோபத்தில்கூட "ங்க" போடாமல் பேச மாட்டார்.

பள்ளிக் கம்ப்யூட்டர் ஒன்றில் ஜெபாவுக்கென்று ஒரு படப்பலகை வைத்திருந்தோம். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். தண்ணீர் படத்தை அமுக்கினால் ஒரு குரல் "தண்ணி" என்று சொல்லும். குரல் என் கணவருடையது. முதலில் நான் பேசிப் பதிந்தேன், ஜெபா காதைப் பொத்திக்கொண்டாள். "உங்க கொரல நாள் முழுக்கக் கேக்கறாளுங்களே, பாவம்" என்றார் டீச்சர். ஆகவே கணவர் வீட்டில் இருந்த ஒரு மாதத்தில் உட்கார்ந்து எல்லாச் சொல்லையும் பேசிப் பதிந்தார். ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் எங்கள் ஜன்னல் ஏசியின் இரைச்சல் கேட்கும். "முடிந்தது" என்பதற்கு மட்டும் அரபியில் "கலாஸ்" என்று பதிந்து வைத்தார். அவர் சாப்பிட்டு எழும்போது சொல்கிற சொல் அது. "எம் புள்ள எம் பாஷை பேசட்டும்" என்றார்.

படங்களை எங்கே வைப்பது என்பதை ஜெபாவே தீர்மானித்தாள். புதுப் படம் கொடுத்தால் இழுத்து இழுத்துத் தனக்குப் பிடித்த இடத்தில் வைப்பாள். இரண்டு வருடம் அப்படி வைத்தாள். கோழிக்குப் பக்கத்தில் லிஃப்ட் இருக்கும். அப்பாவுக்கு மேலே தயிர் இருக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தேடாமல், பார்க்காமல்கூட, கை நேராக அங்கே போகும். ஒரு தடவை முழங்கால் வலியை அப்படித்தான் டீச்சரிடம் சொன்னாள்.

நோன்பு மாதம் அது. கணவர் கடலில் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை ஜெபா சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள். மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் அழுகை. நிற்காத அழுகை. வீட்டில் ஃபிரிட்ஜில் சில அட்டைகள் ஒட்டி வைத்திருந்தோம்: தண்ணி, சோறு, பாத்ரூம், வலி. வலி அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். "எங்க மக்ளே? எங்க வலிக்கி?" என்று கேட்டேன். அட்டையை மறுபடி எடுத்து மறுபடி போட்டாள்.

டாக்டரிடம் ஓடினேன். அவள் உதைத்த உதையில் அவரால் ஒரு பக்கக் காதை எட்டிப்பார்க்கவும் வயிற்றை அமுக்கவும்தான் முடிந்தது. சாப்பிடாததால் வயிறாக இருக்கலாம் என்று மருந்து கொடுத்தார். கேட்கவில்லை. மறுபடி போனபோது, நாளைக் காலையில் மயக்கம் கொடுத்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார். மயக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் ஜெபாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் பலகையின் பழைய நகல் ஒன்று இருந்தது, அதைத் திறந்து காட்டினேன். ஒரு வருடத்துக்கு முந்தையது. அவள் கை வழக்கமான இடத்துக்குப் போனது. அங்கே வேறு படம். மவுஸைச் சுவரில் எறிந்தாள். அதன்பிறகு அந்தத் திரைப் பக்கமே திரும்பவில்லை.

பள்ளிப் பலகை வேண்டும். அதில் அவள் சொல்லிவிடுவாள். ஜெபாவைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்ஸி பிடித்துப் பள்ளிக்குப் போனேன். உள்ளே நுழைந்தால் மேசைகளில் தட்டையான புதுத் திரைகள்.

"டீச்சர், ஜெபாவோட கம்ப்யூட்டர் எங்க?"

"புதுசு வந்திருக்குதுங்களே, பாக்கலீங்களா? ஒரு ஆபீஸ்ல நோன்புக்குத் தானமாக் குடுத்தாங்க. பழசையெல்லாம் வண்டிக்காரன் வந்து அள்ளிட்டுப் போயிட்டான். எடத்த அடைச்சுட்டுக் கெடந்துச்சுங்க."

"அவ பலகை?"

"அது டி-லதானுங்களே இருக்குது."

"எந்த டி-ல?"

அவர் புதுக் கம்ப்யூட்டரைத் திறந்தார். அதிலும் ஒரு டி இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு மூன்று தடவை அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுல இன்னும் வரலீங்களா? நீங்கதானுங்க சொன்னீங்க, எது போனாலும் டி பத்திரமா இருக்கும்னு."

அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. ஏமாற்றவில்லை, அலட்சியம் செய்யவில்லை. நான் சொன்னதை நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். தையற்கடைக்காரரும் இதைத்தானே நம்பினார், அவரைச் சொல்லித்தான் நான் ஊரெல்லாம் சிரித்தேன்.

"வண்டிக்காரன் நம்பர் இருக்கா?"

இருந்தது. அவன் ஒரு பாகிஸ்தானிப் பட்டாணியன். நான் கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொன்னான்: பெட்டிகளைக் கிரீக் படகுத்துறையில் ஒரு கிடங்குக்குக் கொடுத்துவிட்டேன், இன்று நோன்பு திறந்ததும் சரக்கு லாஞ்சி கிளம்புகிறது, சோமாலியாவுக்கு. டீச்சர் ஜெபாவை என் தோளிலிருந்து பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டார். "நான் பாத்துக்கறனுங்க. நீங்க ஓடுங்க. நிக்காதீங்க!"

ஓடினேன். கிரீக்கில் லாஞ்சிகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஃபிரிட்ஜ், டயர், மெத்தை, வெங்காய மூட்டை எல்லாம் கரையில் மலையாக. கிடங்குக்காரருக்கு ஊர் தொண்டிப் பக்கம். நான் தமிழில் கத்திக்கொண்டு நுழைந்ததும் எழுந்துவிட்டார்.

"மெல்ல வாங்க தங்கச்சி, வழுக்கும். என்ன காணாமப் போச்சு?"

"ஒரு கம்ப்யூட்டர், பாய். ஸ்கூல்ல இருந்து வந்தது."

அவர் கையைக் காட்டினார். ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே மாதிரிப் பெட்டிகள். சுவர் முழுக்க. பாதியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். "இதுல எத உங்க பொட்டின்னு சொல்லுவிய? அடையாளம் என்ன?"

பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்தேன். பிறகு தோன்றியது பாருங்கள், நான் குதித்தே விட்டேன். "உள்ள ஒயரு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கும் பாய். ரோஸ் கலரு. பொம்பளப் புள்ளைக தலையில போடுறது!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஊர் உலகத்துல இல்லாத அடையாளமால்ல இருக்கு. தங்கம் கிங்கம் உள்ள வச்சுட்டியளா?"

"எம் புள்ள பேச்சு உள்ள இருக்கு. அவளுக்கு வாய் பேச வராது. எங்க வலிக்குன்னு அவ அதுலதான் சொல்லணும். காய்ச்சல்ல கெடக்குறா, பாய்."

அவர் ஆட்கள் பக்கம் திரும்பிக் கத்தினார், "யல்லா! கட்டுனத அவுருங்கடா! ஜல்தி! எல்லாப் பொட்டியும் தொறந்து பாருங்க, ரோஸ் ரப்பர் பேண்டு!" நோன்பு வயிற்றோடு இருந்த தொழிலாளிகள் ஆளுக்கொரு வரிசையாக மூடிகளைக் கழற்ற ஆரம்பித்தார்கள். தகரச் சத்தம் காதைப் பிளந்தது. நானும் கழற்றினேன், நகம் உடைந்தது. ஒருவன் "மில் கயா!" என்று கூவினான். கிடைத்துவிட்டது. ஓடினேன். அந்தப் பெட்டிதான். ஜெபாவின் ரப்பர் பேண்டு, அதில் ஒரு முடிகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் ஹார்ட் டிஸ்க் இருக்கிற இடம் ஓட்டையாக இருந்தது.

"டிஸ்க்கக் கழட்டி டெஸ்டு பண்ணித்தான் அனுப்புவோம்" என்றார் பாய். பெட்டியின் முதுகில் சாக்பீஸால் நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. "டிஸ்க்குலயும் இதே நம்பர் போட்டிருப்பான். உள்ள மேசைக்குப் போங்க."

பின்னறையில் ஒரு பாகிஸ்தானிப் பெரியவர் மேசையில் குனிந்திருந்தார். வெறும் டிஸ்க்குகள் காய்கறி அட்டைப்பெட்டியில் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, பழையதை அழித்து, புதிதாக ஒரு சிஸ்டம் ஏற்றிப் பார்த்துவிட்டு, அடுத்தது. பெட்டியில் நாற்பத்தொன்றைத் தேடினேன். இல்லை. நிமிர்ந்தேன். அவர் முன்னால் ஒயர் மாட்டிய டிஸ்க்கில் மார்க்கர் மையில் நாற்பத்தொன்று. நீலத் திரை. ஏற்றட்டுமா என்று கேட்கிற இடம். அவர் விரல் சாவிப்பலகையை நோக்கி இறங்குகிறது.

"ருக்கோ! நிறுத்துங்க!" என்று நான் அலறிய அலறலில் அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். "க்யா ஹுவா, பாஜி?" என்ன ஆச்சு என்கிறார்.

அழித்தாயிற்றா என்று கேட்டேன். அழித்தாயிற்று. சி, டி இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கியாயிற்று. ஏற்றினீர்களா? இல்லை, இப்போதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். துடைத்த டிஸ்க்கில் எழுத்து உடனே போய்விடாது. மேலே வேறு எதையாவது எழுதினால்தான் போகும். இது எனக்குத் தெரியும், எத்தனையோ பேருக்குப் பாடம் சொன்னவள். ஆனால் என் கை என்ன செய்யப் பார்த்தது தெரியுமா? அதே மேசையில், அதே கம்ப்யூட்டரில், உள்ளே ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று உடனே திறந்து பார்க்கத் துடித்தது. பாயும் "இங்கனயே போட்டுப் பாத்துருங்களேன்" என்றார். கை சாவிப்பலகைக்குப் போய்விட்டது.

என்னை நானே நம்பாமல் ஒருவருக்குப் போன் போட்டேன். நம் தொழிலில் இருப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட இளையவர், துபாயில் ஒரு ரிப்பேர் கவுண்டரில் நின்றவர். அவருடைய பெயரை நான் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"அக்கா, இப்ப உங்கட கை எங்க இருக்கு?"

"கீபோர்டுல."

"முதல்ல கையை எடுங்கோ."

எடுத்தேன்.

"எடுத்திட்டீங்களோ? இனி ஒண்டும் செய்யாதேங்கோ. கரண்டை நிப்பாட்டி, டிஸ்க்கைக் கழட்டி, பிள்ளையைத் தூக்கிற மாதிரித் தூக்கிக்கொண்டு போங்கோ. திறந்து பாக்கிறது வேற மிஷின்ல. இதுக்குள்ள ஒரு எழுத்துக்கூட எழுதக் கூடாது. விளங்குதோ?"

டிஸ்க்கைத் துப்பட்டாவில் சுற்றினேன். பாயிடம் என்ன தர வேண்டும் என்று கேட்டேன். "போங்க தங்கச்சி, போயி புள்ளையப் பாருங்க" என்று டாக்ஸிக்குக் கையைத் தட்டினார். ரப்பர் பேண்டைக் கழற்றி என் கையில் வைத்தது அந்த மேசைப் பெரியவர்.

பள்ளியில் ஜெபா பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். அழுகைகூட ஓய்ந்துபோயிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. புதுக் கம்ப்யூட்டர் ஒன்றில் இதை இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, மீட்கிற வேலையை ஆரம்பித்தேன். அதன் விவரம் உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். ஒன்றொன்றாக வந்தன. தண்ணீர்ப் படம். தயிர். கோழி. பிறகு ஒலி. ஏசி இரைச்சலோடு கணவர் குரல், "தண்ணி."

"வந்துருச்சுங்க! வந்துருச்சுங்க!" டீச்சர் கை தட்டினார், அழுதார். எல்லாப் படங்களையும் பலகையில் ஏற்றினேன். வரிசை கன்னாபின்னாவென்று இருந்தது. மீட்கிற நிரலுக்குப் படம் தெரியும், பாட்டு தெரியும். எந்தப் படம் எந்த இடம் என்று குறித்து வைத்திருந்த சின்னக் கோப்பு அதற்கு ஒரு பொருட்டில்லை. பெயரில்லாத துண்டுகளின் குவியலில் அதையும் தள்ளியிருந்தது.

"பரவாயில்லீங்க, காட்டுங்க" என்றார் டீச்சர். "அத்தனை படமும் இருக்குதுங்களே. எதாச்சும் அமுக்குவா. எங்கெங்க இருந்துச்சுன்னு பாதி எனக்கு ஞாபகம் இருக்குது, அடுக்கிக்கலாம்."

"வேண்டாம்."

"காய்ச்சல் ஏறுதுங்க. நாளைக்கு மயக்கம் குடுக்கப் போறாங்க."

"தெரியும் டீச்சர். ஆனா தப்பான இடத்துல ஒரு தடவ பாத்தான்னா இதையும் எறிஞ்சிருவா. அப்புறம் சரியாக் குடுத்தாலும் தொட மாட்டா. வீட்டுல அப்படித்தான் ஆச்சு. நமக்கு ஒரு தடவதான் இருக்கு."

நான் என் வாழ்க்கையில் எடுத்த முடிவுகளில் இதைவிடக் கடினமானது இல்லை. பிள்ளை பக்கத்தில் கொதித்துக் கிடக்கிறாள், படமெல்லாம் கையில் இருக்கிறது, நான் திரையை அவளுக்குத் தெரியாமல் திருப்பி வைத்துக்கொண்டு துண்டுகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். டீச்சர் என்னை ஒரு கல்நெஞ்சக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். சின்னத் துண்டுகளாகப் பார்த்துத் திறந்தேன். குப்பை. குப்பை. ஏதோ கணக்கு. குப்பை. ஒன்றில் வரிசையாகப் படங்களின் பெயர்கள். தயிருக்கு அடுத்து சோறு. இல்லை, இது பழையது. மறுபடி குப்பை. வெளியே நோன்பு திறக்கிற பீரங்கிச் சத்தம் கேட்டது. லாஞ்சி கிளம்பியிருக்கும். அடுத்த துண்டைத் திறந்தேன். கோழி. அதற்கு அடுத்து லிஃப்ட்.

லிஃப்ட் படம் போன மாதம் கொடுத்தது. கோழிக்குப் பக்கத்தில் லிஃப்டை வைக்கிற ஆள் உலகத்தில் ஒரே ஒருத்திதான்.

"டீச்சர், தூக்கிட்டு வாங்க!"

பலகையைச் சரியாக ஏற்றித் திரையைத் திருப்பினேன். ஜெபா டீச்சர் மடியில் உட்கார்ந்து பார்த்தாள். அசையவில்லை. பிறகு அவள் கை மவுஸுக்குப் போனது. தேடவில்லை. நேராகப் போனது.

"வலிக்கி" என்றது அவர் குரல்.

மறுபடி கை நகர்ந்தது. "காது."

"காது." "காது." மூன்று தடவை அமுக்கினாள். ஒருவேளை இத்தனை நாள் சேர்த்து வைத்ததோ. பிறகு என்னைப் பார்த்து, "போலாம்."

போனோம். டாக்டர் அன்று எட்டிப்பார்த்தது வலது காதை. சீழ் கோத்திருந்தது இடது காதில். நாலு பேர் பிடித்துக்கொள்ள அவர் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. மென்றால் வலிக்கும், அதனால்தான் சாப்பிடவில்லை என்றார். இன்னும் விட்டிருந்தால் காதுக்குப் பின்னால் எலும்புக்குப் போயிருக்கும், இன்று வந்தது நல்லதாயிற்று என்றார். ஸ்கேன் தேவைப்படவில்லை. ஊசியும் மருந்துமாகச் சில நாள் வார்டில் இருந்தோம். கணவர் ஹெலிகாப்டரில் இடம் கேட்டு வாங்கிக் கரைக்கு வந்தார். கடல் ஈரம் காயாத சட்டையோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று "என்ன மக்ளே" என்றார். ஜெபா அவர் வாயை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு பல வருடம் இந்தத் தொழில் செய்தேன். "பத்திரமா இருக்கு" என்று யாரிடமும் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் விரலைப் பிடித்து அந்த டிஸ்க்கின் மேலேயே வைத்து, "இதுக்குள்ளதான் இருக்கு, வேற எங்கயும் இல்ல, இது போனா எல்லாம் போச்சு" என்று சொல்வேன். பயந்துபோவார்கள். பயப்படட்டும். பிறகு இரண்டாவது நகலை வேறு ஒரு வீட்டில் வைப்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் எதை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்த்தால் உங்களுக்குக் கை பரபரக்கும். எல்லாம் தாறுமாறாக இருக்கும். ஒழுங்கு செய்து தருகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். அந்தத் தாறுமாறும் அவர் தகவல்தான். கோழிக்குப் பக்கத்தில் லிஃப்ட் ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இதை எழுதும்போதுகூட அந்த நீலத் திரையும் இறங்குகிற விரலும் கண்ணுக்கு முன்னால் வருகின்றன. அதனால் கடைசியாக, அவற்றைக் கொஞ்சம் தள்ளி வைக்கிற ஒரு காட்சியைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

ஜெபா பள்ளிக்குத் திரும்பிய முதல் நாள். பலகையின் நகல் ஒன்று வீட்டில், ஒன்று கடலில் கணவர் பெட்டிக்குள், ஒன்று துபாய்க் கவுண்டரில் என்று வைத்தாகிவிட்டது. ஆனாலும் என் மனம் அடங்கவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றேன். "இப்ப வலிக்கா மக்ளே? இந்தக் காது? அந்தக் காது? தண்ணி வேணுமா?" அவள் தோளுக்கு மேலாக என் கை மவுஸுக்குப் போய், நான் கேட்க நினைத்த படத்தை நானே அமுக்கப் போனது.

ஜெபா என் கையை மெதுவாக ஒதுக்கினாள். திரையின் மூலைக்குப் போனாள். ஏசி இரைச்சலோடு, சாப்பிட்டு எழுகிற தோரணையில், அவள் அப்பா சொன்னார்:

"கலாஸ்."

வசந்தி டீச்சர் சிரித்த சிரிப்பில் மற்றக் குழந்தைகள் திரும்பிப் பார்த்தார்கள். நான் கையை எடுத்துவிட்டேன்.